ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறினால்: ஒளிய வேண்டாம், திரும்பிப் போங்கள்



உடல் பருமனுக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் தெருக்களில் ஒருவர் இருவர் அல்ல. சென்னையிலும் கோவையிலும் செய்துகொண்டவர்கள் உண்டு. துபாய், குவைத், ஜித்தா என்று வேலை பார்த்த ஊரிலேயே செய்துகொண்டு திரும்பியவர்களும் உண்டு. முதல் வருடம் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சர்க்கரை மாத்திரை குறைகிறது, முழங்கால் வலி தணிகிறது, நாற்காலியில் அமர்ந்து தொழுதவர் தரையில் ஸஜ்தா செய்கிறார். மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ எடை மெல்ல ஏறத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. "பழைய குருடி கதவைத் திறடி" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சிக் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதைவிடக் கவலை தருவது, மருத்துவரிடமும் போவதில்லை என்பது. "இத்தனை லட்சம் செலவழித்தும் இப்படி ஆகிவிட்டதே, எந்த முகத்தோடு போய் நிற்பது?" என்கிறார்கள்.

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவிடம் வருபவர்கள் சொல்வதைக் கேட்டால், எடை கூடியதைவிட இந்த ஒளிவுதான் அதிகக் கெடுதல் செய்கிறது என்று தோன்றுகிறது. மருத்துவரை விட்டவர் மாத்திரையையும் விடுகிறார், இரத்தப் பரிசோதனையையும் விடுகிறார். பிறகு ஒருநாள் தலைசுற்றி விழுந்த பிறகே மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். ஆகவே இதைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டுமல்ல, அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டுகிறேன்.

ஏன் ஏறுகிறது?

பெரும்பாலும் இரண்டு வகைச் சிகிச்சைகளே செய்யப்படுகின்றன. 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல் ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். (பைபாஸ் என்றதும் இதய ஆபரேஷன் என்று நினைத்து ஊரே நலம் விசாரிக்க வந்துவிட்ட கதையும் உண்டு. இது வேறு.) இரண்டிலுமே உணவின் அளவு குறைவதோடு, பசி தொடர்பான ஹார்மோன்களும் மாறுகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவ் சிகிச்சையில் அந்தப் பகுதியே போய்விடுவதால்தான் ஆரம்ப மாதங்களில் பசியே தெரிவதில்லை.

ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. எடை குறைந்ததை அது பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. செலவழிக்கும் சக்தியைச் சுருக்குகிறது, பசியைத் திரும்பக் கூட்டுகிறது. ஒன்றரை அல்லது இரண்டு வருடத்தில் எடை அதன் மிகக் கீழான புள்ளியைத் தொடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவது விதிவிலக்கு அல்ல, வழக்கம். சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஓரிரு வருடத்தில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் குறைந்திருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது.

இதை நம் வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 120 கிலோ இருந்த ஒருவர் அந்தச் சராசரிப்படி 82 கிலோவுக்கு இறங்குகிறார். பத்து வருடத்தில் 90 கிலோ ஆகிறார். அவர் கண்ணிலும் வீட்டார் கண்ணிலும் படுவது ஏறிய 8 கிலோ மட்டும்தான். இன்னும் திரும்பி வராத 30 கிலோவை யாரும் எண்ணுவதில்லை. அந்த 30 கிலோதான் அவருடைய சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே ஆய்வில், எடை கொஞ்சம் திரும்பி ஏறியிருந்தும், சிகிச்சை செய்துகொண்ட கூட்டத்தில் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே "பணமெல்லாம் வீண்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

எட்டுப் பத்துக் கிலோ என்பது ஒன்று, இறங்கியதில் பாதிக்கு மேல் திரும்பி ஏறுவது வேறொன்று. அப்படி ஏறினால், அல்லது சில மாதங்களிலேயே மளமளவென்று ஏறினால், காரணம் தேட வேண்டும். தட்டில் மட்டும் தேடினால் போதாது. இரைப்பைக் குழாயோ பையோ விரிந்திருக்கலாம். பையும் குடலும் சேரும் வாய் அகன்றிருக்கலாம். தைராய்டு குறைந்திருக்கலாம். மூச்சுத்திணறலுக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் திரும்ப வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மனதையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். கணவர் வெளிநாட்டில், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், இரவு பதினொரு மணிக்குத் தனியாக அமர்ந்து டப்பாவைத் திறக்கும் பெண்மணிக்கு இருப்பது வயிற்றுப் பசி அல்ல. வியாபாரம் நொடித்த ஆணுக்கும் இதேதான். மனநல மருத்துவரிடம் போவது ஈமான் குறைவல்ல. எடை ஏறியவர்களில் சிலருக்கு டயட் தாளைவிட இந்த உதவிதான் முதலில் தேவைப்படுகிறது.

முதல் வேலை: மருத்துவரைப் பார்ப்பது

ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக முடிந்தால் நல்லது. வெளிநாட்டில் செய்துகொண்டவர்கள் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் இதே துறை மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் என்ன வகை ஆபரேஷன், எந்த வருடம் என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். "வயித்துல ஏதோ செஞ்சாங்க" என்று மட்டும் சொல்பவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் தாள் தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பிரதி கேட்டுப் பாருங்கள்.

போனதும் இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி போன்றவை உடலில் சரியாகச் சேர்வதில்லை, அதிலும் பைபாஸ் செய்தவர்களுக்கு. பி12 உடலில் சேமித்து வைக்கப்படும் சத்து. மாத்திரையை நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது, வருடம் கழித்து உள்ளங்கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். எடை கூடியிருக்கிறது, அதனால் சத்துக்குறை இருக்காது என்று நினைப்பது தவறு. கூடிய எடையும் சத்துக்குறையும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கும். மாத்திரைகள் ஆயுள் முழுவதற்கும் உரியவை. கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும், நடுவே குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ வேண்டாம்.

இன்னொன்று, முழங்கால் வலி திரும்பியதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, உள்ளே புண் உண்டாக்கும். வலி என்றால் உங்கள் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லி, மருத்துவர் எழுதித் தருவதை மட்டும் வாங்குங்கள்.

விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, கால் தடுமாறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவற்றுக்கு அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடர் வாந்தியால் பி1 சத்து வற்றி மூளையையே பாதிக்கக்கூடும்.

தட்டில் என்ன மாற வேண்டும்

எடை ஏறியதும் பலர் செய்வது பட்டினி. அல்லது "மறுபடியும் ஐந்து நாள் வெறும் தண்ணீர் ஆகாரம் குடித்தால் வயிறு பழையபடி சுருங்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கஞ்சியும் ஜூஸுமாக இருப்பது. விரிந்த இரைப்பை அப்படிச் சுருங்குவதில்லை. கரைவது தசைதான். ஆறாம் நாள் பசி இரட்டிப்பாகத் திரும்பும்.

செய்ய வேண்டியது அதைவிட எளியது, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லித் தந்த ஒழுங்குக்குத் திரும்புவதுதான் அது. தட்டில் முதலில் புரதம். நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு, 100 கிராம் மீனில் 20 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். நம் சாப்பாட்டில் இது கடினமே அல்ல. மீன் இல்லாத நாள் நம் வீடுகளில் குறைவு. சிக்கல் வரிசையில்தான். நாம் சோற்றைக் குவித்து, ஆணத்தை ஊற்றிப் பிசைந்து, கறியைக் கடைசிக் கவளத்துக்கு வைத்துக்கொள்கிறோம். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் மீன் துண்டும் முட்டையும், பிறகு காய்கறி, இடமிருந்தால் இரண்டு கரண்டிச் சோறு. 20 நிமிடம் மென்று சாப்பிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். தண்ணீரும் ஆணமும் சேர்ந்தால் உணவு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது.

வழுக்கும் உணவுகள்தான் எடை ஏறுவதற்குப் பெரிய வாசல். கறித்துண்டு நாலைந்து சாப்பிட்டாலே நெஞ்சை அடைக்கும் ஒருவருக்கு, மிக்சரும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் வட்டிலப்பமும் ஒரு தடையும் இல்லாமல் இறங்கும். "நான் சாப்பிடுவதே இல்லையே, எப்படி ஏறுகிறது?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. சோற்றுத்தட்டில் அவர்கள் சாப்பிடுவது உண்மையிலேயே கொஞ்சம்தான். டீயோடு நாலு வேளை உள்ளே போவதை யாரும் சாப்பாடு என்று கணக்கெடுப்பதில்லை. 100 கிராம் முந்திரியில் ஏறத்தாழ 550 கலோரி இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் அது கிலோ கணக்கில் வருகிறது.

ஒரு வாரம் மட்டும், வாயில் போடும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், டயட்டீஷியனிடம் மட்டும் காட்டுங்கள். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்தால் போதும். தினமும் மூன்று முறை மெஷினில் ஏறி இறங்குவது மனதைத்தான் அரிக்கும்.

நடை அவசியம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்த அளவு. பஜ்ருக்குப் பின் தெருவில் நடக்கத் தயங்கும் பெண்கள் மொட்டைமாடியில் நடக்கலாம். நடையோடு தசைக்கும் வேலை வேண்டும். நாற்காலியில் கைவைக்காமல் பத்து முறை எழுந்து அமர்வது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குவது இவையே தொடக்கத்துக்குப் போதும். தசை இருந்தால்தான் உடல் சக்தியைச் செலவழிக்கும்.

விருந்தும் வற்புறுத்தலும்

இந்தப் பகுதி விருந்து கொடுப்பவர்களுக்கு. ஒரே சஹனில் நாலு பேர் அமர்ந்து சாப்பிடுவது நம் பக்கத்து அழகு. ஆனால் அதில் தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது. மெல்லச் சாப்பிட வேண்டியவர் மற்றவர் வேகத்துக்கு விழுங்க வேண்டியதாகிறது. விழுங்கினால் வாந்தி, விழுங்காவிட்டால் "என்ன லாத்தா, நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்ற கேள்வி. இப்படிப்பட்டவர் வந்தால் தனித்தட்டில் கறியும் முட்டையும் வைத்துவிட்டு, பேசாமல் இருந்துவிடுங்கள். அதுவே உபசரிப்பு. சாப்பிட்டு முடிக்கும்போது உடம்பைப் பற்றி விசாரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். "முன்னே மெலிஞ்சிருந்தே, இப்ப மறுபடி பூசினாப்ல இருக்கியே" என்பதைக் கேட்டவர் அடுத்த விருந்துக்கு வரமாட்டார்.

வயிற்றை மூன்று பங்காக வைத்துக்கொள்ளச் சொன்ன நபிமொழியை இவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்பவர்களும் உண்டு. அந்த வழிகாட்டல் நம் எல்லோருக்கும் உரியது, பிரியாணியை மறுமுறை கேட்டு வாங்குபவருக்கும்தான். ஏற்கெனவே கூனிக் குறுகியிருப்பவரைக் குத்திக்காட்ட அதை எடுப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

ரமழானில்

எடை குறைய வேண்டிய மாதத்தில்தான் பலருக்கு எடை ஏறுகிறது. ஆபரேஷன் ஆன முதல் ஆறு மாதமாவது, பலருக்கு ஒரு வருடம் வரை, நோன்பு வேண்டாம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் இன்சுலின் போடுபவர், சத்துக்குறை உள்ளவர், அடிக்கடி மயக்கம் வருபவர் மருத்துவரிடம் கேட்ட பிறகே நிய்யத் வைக்க வேண்டும். நோயாளிக்கான சலுகை சூரத்துல் பகராவின் 184, 185-ஆம் வசனங்களில் தெளிவாகவே இருக்கிறது. குணமாகி நோற்கக்கூடியவர் பிறகு கழா செய்வார், அதற்கு வழியே இல்லாதவருக்கு ஃபித்யா. தம் நிலை எது என்று மருத்துவர் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். "நோன்பு வைத்தால் எடையும் குறையும், நன்மையும் கிடைக்கும்" என்று மருத்துவரைக் கேட்காமலே தொடங்குவது கூடாது.

நோன்பு வைப்பவர்களுக்கு இஃப்தார் நேரம்தான் சோதனை. நோன்புக்கஞ்சி வழுக்கும் உணவுகளில் முதன்மையானது. அரிசி, தேங்காய்ப்பால், மேலே ஒரு வடை என்று இரண்டு கோப்பை தெரியாமலே இறங்கும். கஞ்சியை விட்டுவிடு என்று நம் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீர், மஹ்ரிப் தொழுகை. வந்ததும் முதலில் அவித்த முட்டையோ கறியோ கொண்டைக்கடலையோ. பிறகு சிறு கோப்பையில் கஞ்சி. ரோஸ்மில்க், சர்பத் வகைகள் வேண்டவே வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை குடித்த சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கைத் தரும். சிலருக்கு ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு திடீரென இறங்கி, தராவீஹில் நிற்கும்போதே கண் இருட்டும். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே ஒன்றரை லிட்டர் தண்ணீராவது மிடறு மிடறாகப் போக வேண்டும். ஸஹரைத் தவிர்க்காதீர்கள், அதிலும் புரதம் முதலில்.

ஊசியும் மறு ஆபரேஷனும்

இவ்வளவும் செய்தும் எடை அசையாதவர்கள் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல, மருத்துவத்தில் அடுத்த படிகள் இருக்கின்றன. லிராகுளுடைடு, செமாகுளுடைடு போன்ற ஊசிகள் பசியைத் தணிப்பவை. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் இவற்றை மருத்துவர்கள் தருகிறார்கள், பலன் கிடைக்கிறது. விலை அதிகம். நிறுத்தினால் பசியும் எடையும் திரும்புவது பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே எத்தனை மாதம், மாதத்துக்கு எவ்வளவு செலவு என்று தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். குமட்டலால் சாப்பாடு குறையும்போது புரதமும் தண்ணீரும் குறையாமல் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த ஊசியை அளவு தெரியாமல் போட்டுக்கொள்வது ஆபத்து.

மறு ஆபரேஷன் கடைசிப் படி. ஸ்லீவ் செய்தவருக்குப் பைபாஸாக மாற்றுவது உண்டு. முதல் ஆபரேஷனைவிட இதில் சிக்கல் அதிகம். எண்டோஸ்கோப்பி செய்து உள்ளே உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்காமலே தேதி கொடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இளம்பெண்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் ஆன முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவில் கூடுவதால், திருமணப் பேச்சின்போதே இதை மனதில் வையுங்கள். பேறுகாலத்துக்குப் பிறகு எடை ஏறுவதும் சாதாரணம், அதற்காக மருமகளைக் குறை சொல்ல வேண்டாம்.

அறக்கட்டளை செய்யக்கூடியது

ஆபரேஷனுக்கு உதவி கேட்டு மனுக்கள் வருகின்றன. அதன்பின் வருடாவருடம் தேவைப்படும் இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் உதவி கேட்கக் கூசுகிறார்கள். அதையும் கேட்கலாம், அதுவும் மருத்துவச் செலவுதான். புதிதாக ஆபரேஷனுக்கு மனுச் செய்பவர்கள், தொடர் சிகிச்சைக்கு எங்கே போவீர்கள், மாதச் செலவு எவ்வளவு என்பதையும் மனுவில் எழுத வேண்டும். விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் தாள், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பெண்கள் நேரில் வரத் தயங்கினால், குழுவிலுள்ள சகோதரிகளிடம் மூடிய உறையில் கொடுத்துவிடலாம். பெயர் குழுவைத் தாண்டிப் போகாது.